கேபிள் இல்லாமல் போனுக்கும் கணினிக்கும் ஃபைல் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் எடுத்த வீடியோவைக் கணினிக்குக் கொண்டுவர இன்னமும் நிறையப் பேர் தங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் கேபிளைத் தேடி வீடெல்லாம் அலைகிறார்கள். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே ஒரு ஃபைல் போய்வர கேபிளும் வேண்டாம், இணையமும் வேண்டாம், பெரும்பாலும் எந்தக் கணக்கும் வேண்டாம். அப்படியும் வேலை செய்யாதபோது கோளாறு செயலியில் இருப்பது குறைவு, நெட்வொர்க்கில் இருப்பதுதான் அதிகம். அதனால் கீழே நெட்வொர்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள், நான் எதைப் பயன்படுத்தட்டும்?

ஐபோனும் மேக்கும் வைத்திருந்தால் அவற்றுக்குள்ளேயே இருக்கும் ஏர்டிராப், வேறெதையும் தேட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனும் விண்டோஸ் கணினியும் என்றால் கூகுளின் குயிக் ஷேர். இந்த இரண்டு ஜோடிக்கும் வெளியே எதுவாக இருந்தாலும், அதாவது ஐபோனும் விண்டோஸும், ஆண்ட்ராய்டும் மேக்கும், எந்தப் போனும் லினக்ஸும் என்றால் லோக்கல்சென்ட் என்ற செயலியை இரண்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, எல்லா இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் லோக்கல்சென்டைத்தான் எடுப்பேன், ஏனென்றால் நாளைக்கே போனை மாற்றினாலும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு டேட்டா செலவாகுமா? இணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

செலவாகாது. போனும் கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கும்போது ஃபைல் போனிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கணினிக்கும் போகிறது, அவ்வளவுதான், வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். ஏர்டிராப்பும் குயிக் ஷேரும் இன்னும் ஒரு படி மேலே: ரவுட்டரே இல்லாமல் இரண்டு கருவிகளும் வைஃபையில் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேட புளூடூத், ஃபைலைத் தூக்கிக்கொண்டு போக வைஃபை. இரண்டையும் ஆன் செய்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

புளூடூத் மட்டும் போதாதா?

ஒரு போட்டோ, ஒரு பிடிஎஃப் என்றால் போதும். அதற்கு மேல் வேண்டாம். புளூடூத்தில் ஃபைல் அனுப்பும்போது நடைமுறையில் கிடைப்பது விநாடிக்கு 2 மெகாபிட் அளவுதான், அதாவது நன்றாகப் போனால் 250 கேபி. 5 எம்பி போட்டோ ஒன்றுக்கு 20 விநாடி ஆகும், 1 ஜிபி வீடியோ என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். புளூடூத் 5 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இந்த வேகம் பெரிதாக மாறாது, ஏனென்றால் ஃபைல் அனுப்புவது இன்னமும் பழைய முறையில்தான் நடக்கிறது. விண்டோஸில் இன்னொரு சங்கடமும் உண்டு: கணினியில் முதலில் புளூடூத் செட்டிங்ஸுக்குள் போய் ‘ஃபைலைப் பெறு’ என்பதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனிலிருந்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தோல்வி என்று மட்டும் வரும். ஐபோன் புளூடூத் வழியாகக் கணினிக்கு ஃபைல் அனுப்பவே அனுப்பாது, அதனால் அங்கே முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வைஃபையில் எவ்வளவு வேகம் கிடைக்கும்? என்னுடையது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

முதலில் ஒரு கணக்கு. ரவுட்டர் பெட்டியில் இருக்கும் எண் மெகாபிட், ஃபைலின் அளவு மெகாபைட். எட்டால் வகுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அந்தப் பெட்டி எண்ணும் ஏட்டளவில் உச்சம்தான், அதில் பாதி கிடைத்தாலே நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 3 முதல் 8 எம்பி வரை எதிர்பார்க்கலாம், பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இருப்பதால் அதுவும் ஏறி இறங்கும். 5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டர் இருக்கும் அதே அறையில் என்றால் 20 முதல் 50 எம்பி வரை போகும். நடுவில் சுவர் வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ்தான் சீக்கிரம் பலவீனமாகும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. போனும் கணினியும் இரண்டுமே வைஃபையில், ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒவ்வொரு துண்டுத் தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: போனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு இன்னொரு தடவை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. கணினியை மட்டும் லேன் ஒயரால் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள், வேறு எதையும் தொடாமலே வித்தியாசம் தெரியும். கேபிள் இல்லாமல் என்று தலைப்பு வைத்துவிட்டு ஒயர் போடச் சொல்வது முரணாகத் தெரியலாம், ஆனால் அடிக்கடி பெரிய வீடியோ மாற்றுகிறவர்களுக்கு ரவுட்டரை மாற்றுவதைவிட இது நல்ல பலன் தரும்.

வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன். அதில் என்ன குறை?

போட்டோவாக அனுப்பினால் தரம் போய்விடும், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அது மூலப் படம் இல்லை. எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்ற விவரங்களும் படத்திலிருந்து காணாமல் போகும், பிறகு வருடவாரியாக அடுக்க நினைக்கும்போதுதான் அந்த இழப்பு தெரியும். குழந்தையின் முதல் வருடப் படங்கள் எல்லாம் இப்படி நசுங்கிய பிரதியாக மட்டும் மிஞ்சுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் 2 ஜிபி வரை மூல ஃபைல் அப்படியே போகும், சரி, ஆனால் அது ஒரு தடவை இணையத்தில் ஏறி இன்னொரு தடவை இறங்குகிறது. 1 ஜிபி ஃபைலுக்கு 2 ஜிபி டேட்டா. மெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி.

குயிக் ஷேர் என்பது பழைய நியர்பை ஷேர்தானா?

ஆமாம். கூகுள் 2020இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் கொண்டுவந்தது, 2023இல் விண்டோஸுக்கும் செயலி வந்தது, 2024 ஜனவரியில் சாம்சங்கின் குயிக் ஷேரோடு சேர்த்து அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல், 64 பிட், புளூடூத்தும் வைஃபையும் உள்ள கணினி வேண்டும். கணினியிலும் போனிலும் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்து, ‘உங்கள் சாதனங்கள்’ என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் சம்மதம் கேட்காமல் ஃபைல் வந்து விழும். சாம்சங்கும் விண்டோஸுக்கு இதே பெயரில் தனியாக ஒரு செயலி வைத்திருப்பதால் எதை இறக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சாம்சங் போன் இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டின் தளத்தில் இருப்பதுதான் வேண்டும்.

ஏர்டிராப்பில் என் மேக் தெரியவில்லையே?

பெரும்பாலும் ‘தொடர்புகள் மட்டும்’ என்று இருப்பதுதான் காரணம். அது வேலை செய்ய இரண்டு பக்கமும் ஐகிளவுடில் நுழைந்திருக்க வேண்டும், அனுப்புகிறவரின் எண்ணோ மெயிலோ பெறுகிறவரின் தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ‘எல்லோரும்’ (ஐபோனில் ‘எல்லோரும், 10 நிமிடம்’) என்று மாற்றினால் உடனே தெரியும். ஐபோனில் 10 நிமிடத்தில் அது தானே பழைய நிலைக்குப் போய்விடும், அதனால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மறைந்தால் பதறாதீர்கள். போனில் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டு முயலுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஏர்டிராப்புக்கு அனுப்ப முடியுமா என்ற கேள்வியும் இப்போது வருகிறது. 2025 நவம்பரில் கூகுள் அந்த வசதியைப் பிக்சல் 10 போன்களில் தொடங்கியது. எதிர்ப்பக்க ஆப்பிள் கருவி அந்த ‘எல்லோரும்’ நிலையில் இருக்க வேண்டும்.

ஐபோன், விண்டோஸ் லேப்டாப். செயலி எதுவும் போடாமல் முடியுமா?

முடியும். விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். ஐபோனில் இருக்கும் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘சர்வருடன் இணை’ என்பதில் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்தால் அந்த ஃபோல்டர் போனிலேயே திறக்கும். ஐஓஎஸ் 13லிருந்து, அதாவது 2019இலிருந்து இது இருக்கிறது. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் பாஸ்வேர்டுதான்: லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். ஒரு தடவை அமைத்துவிட்டால் நன்றாக ஓடும், ஆனால் அமைப்பதற்குள் பொறுமை போய்விடும் என்றால் லோக்கல்சென்டே சுலபம்.

இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒன்று மற்றதைக் கண்டுகொள்வதில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பொறுமையாகப் பார்ப்போம்.

உண்மையிலேயே ஒரே வைஃபைதானா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று தனியாக இருக்கலாம், போன் அதில் மாட்டிக்கொண்டிருக்கும். விருந்தினர் நெட்வொர்க்கின் வேலையே உள்ளே இருப்பவர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைப்பது. விடுதி, கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் முழு நெட்வொர்க்கையே இப்படிப் பிரித்து வைத்திருப்பார்கள், அங்கே நீங்கள் எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுங்கள். வீட்டு ரவுட்டர் சிலவற்றிலும் ஏபி ஐசொலேஷன் என்ற பெயரில் இதே தடை ஆன் ஆகியிருக்கும், அணைத்தால் தீர்ந்தது.

அடுத்து ஐபி முகவரி. போனிலும் கணினியிலும் வைஃபை விவரங்களைத் திறந்து பாருங்கள். இரண்டும் 192.168.1 என்று ஒரே மாதிரி தொடங்கி, கடைசி எண் மட்டும் மாறினால் நல்ல அறிகுறி. ஒன்று 192.168.0, மற்றது 192.168.1 என்றால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம், பழைய ரவுட்டரோடு புதிதாக இன்னொன்றைச் சேர்த்தவர்கள் வீட்டில் இது சகஜம். 169.254 என்று தொடங்கினால் அந்தக் கருவிக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை, வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

அது சரியாக இருந்தால் விண்டோஸ். புது வைஃபையில் முதல் முறை சேரும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு மற்றவர்கள் கண்ணில் படாமல் கணினியை மறைத்துவிடும். வெளியிடத்தில் அது சரியான முடிவுதான், வீட்டு வைஃபைக்கு மட்டும் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். நெட்வொர்க்கிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலான ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது யோசிக்காமல் ரத்து என்று அழுத்தியிருந்தால், அதன் அனுமதிப் பட்டியலில் போய்ச் செயலியைச் சேர்க்க வேண்டும். லோக்கல்சென்டுக்கு 53317 என்ற போர்ட் (செயலி நெட்வொர்க்கில் பேசும் வாசலின் எண்) திறந்திருக்க வேண்டும், போனையும் கணினியையும் இணைக்கும் இன்னொரு செயலியான கேடிஇ கனெக்டுக்கு 1714 முதல் 1764 வரை. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் விபிஎன், அதாவது போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் சுரங்கம். போனிலோ கணினியிலோ விபிஎன் ஓடினால் வீட்டு நெட்வொர்க்குக்குள் போக வேண்டியதும் அந்தச் சுரங்கத்துக்குள் போய்விடும். ஐபோனில் ஐஓஎஸ் 14லிருந்து ‘லோக்கல் நெட்வொர்க்’ என்று ஒரு அனுமதி இருக்கிறது, செயலியை முதன்முதலில் திறக்கும்போது கேட்பதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது பிழைச் செய்திகூடக் காட்டாமல் சும்மா தேடிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் போய் ஆன் செய்யலாம்.

ரவுட்டரே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து கணினியை அதில் சேருங்கள், அதுவே ஒரு நெட்வொர்க். ஃபைல் மாறுவதற்கு மொபைல் டேட்டா போகாது. ஆனால் கணினிக்கு இணையம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் பின்னணியில் அப்டேட்டுகள் இறங்க ஆரம்பிக்கும், ஒரு நாள் டேட்டா முழுவதும் அதில் போய்விடலாம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத நிலையில் விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்து வைத்தால் பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும்.

கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை. வழி உண்டா?

பேர்டிராப் என்ற தளத்தைப் போனிலும் கணினியிலும் பிரவுசரில் திறந்தால் இரண்டும் ஒன்றையொன்று காட்டும், தொட்டு அனுப்ப வேண்டியதுதான். ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் ஃபைல் நேரடியாகப் போகும், ஒருவரையொருவர் கண்டுபிடிக்க மட்டும் அந்தத் தளம் உதவுகிறது, அதனால் இதற்கு இணையம் வேண்டும். பெரிய வீடியோவுக்கு இது சரிப்படாது, போன் பிரவுசர் நினைவகம் போதாமல் பாதியில் நின்றுவிடும்.

தினமும் நான் எதையும் அழுத்தாமல் போட்டோக்கள் தானாகக் கணினிக்கு வர வேண்டும். நடக்குமா?

ஆண்ட்ராய்டில் நன்றாக நடக்கும், சிங்க்திங் அதற்குத்தான். போனின் கேமரா ஃபோல்டரையும் கணினியில் ஒரு ஃபோல்டரையும் ஜோடி சேர்த்துவிட்டால் வீட்டு வைஃபைக்குள் நுழைந்ததும் புதிய படங்கள் வந்துவிடும், நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் படம் தங்குவதில்லை. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, இப்போது சிங்க்திங் ஃபோர்க் என்ற பெயரில் தொடர்கிறது. பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள், இல்லையென்றால் போன் அதைத் தூங்க வைத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது ஒத்திசைவு, பேக்கப் இல்லை. இடம் போதவில்லை என்று போனில் ஒரு படத்தை அழித்தால் கணினியிலும் அழியும். கணினிப் பக்கத்தில் ‘ஃபைல் வெர்ஷனிங்’ என்பதை ஆன் செய்துவிட்டால் அழிந்தது தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அதைச் செய்யாமல் சிங்க்திங்கைத் தொடவே வேண்டாம் என்பேன். ஐபோனில் செயலிகள் பின்னணியில் தொடர்ந்து ஓட முடியாது என்பதால் இந்த வழி அங்கே திருப்தியாக இருக்காது.

இந்தச் செயலிகள் ஏன் இருப்பிடத்துக்கு அனுமதி கேட்கின்றன?

எல்லாம் கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்தில் இருக்கும் வைஃபை, புளூடூத் பெயர்களை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க முடியும் என்பதால், அவற்றைத் தேட இருப்பிட அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு பல வருடம் வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 12, 13 பதிப்புகளில் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. புதிய போனிலும் இருப்பிடம் கேட்டு, தொடர்புப் பட்டியலும் கேட்டு, ஒவ்வொரு திரையிலும் விளம்பரம் காட்டும் செயலியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பொது வைஃபையில் அனுப்பினால் யாராவது பார்த்துவிடுவார்களா?

ஏர்டிராப், குயிக் ஷேர், லோக்கல்சென்ட், கேடிஇ கனெக்ட் எல்லாம் ஃபைலை மறையாக்கித்தான் அனுப்புகின்றன. எஃப்டிபி என்ற பழைய ஃபைல் மாற்றும் முறையில் போனையே சர்வராக ஓடவிடும் செயலிகள் அப்படி இல்லை, பாஸ்வேர்டுகூட வெறும் எழுத்தாகப் போகும், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் ‘எல்லோரிடமிருந்தும் பெறு’ என்று திறந்தே வைக்காதீர்கள், தெரியாத பெயரில் எது வந்தாலும் ஏற்காதீர்கள்.

பெரிய ஃபைல் பாதியில் நின்றுவிடுகிறது.

சரியாக 4 ஜிபியில் நிற்கிறதா? அப்படியென்றால் சேமிக்கும் மெமரி கார்டோ பென்டிரைவோ ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. போனின் உள் நினைவகத்தில் சேமியுங்கள், அல்லது கார்டை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள் (ஃபார்மட் செய்தால் அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்). வேறு வேறு இடத்தில் நின்றால் போனின் திரை அணைவதுதான் காரணமாக இருக்கும், முக்கியமாக ஐபோனில், அனுப்பி முடியும்வரை செயலி திரையில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தொடங்கி முடிக்கும் நேரம் சேர்ந்து இழுக்கும், ஜிப் செய்து ஒன்றாக அனுப்புங்கள்.

ஐபோன் படங்கள் கணினியில் திறக்கவில்லை.

2017இல் வந்த ஐஓஎஸ் 11லிருந்து ஐபோன் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் படம் எடுக்கிறது. ஃபைல் கெட்டுப்போகவில்லை, விண்டோஸில் அதைத் திறக்க எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். இனி எடுப்பது ஜேபெக்காக வேண்டுமென்றால் ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றலாம், படங்கள் அதிக இடம் பிடிக்கும்.

அப்படியானால் கேபிளே தேவையில்லையா?

முதல் முறை முழுப் போனையும் காலி செய்கிறீர்கள், 100 ஜிபி இருக்கிறது, வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்றால் கேபிளைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கேபிள் என்றாலே வேகம் என்று நினைக்காதீர்கள். போனோடு வரும் பல கேபிள்கள் யூஎஸ்பி 2 வகை, 480 மெகாபிட்தான் எல்லை, கையில் கிடைப்பது விநாடிக்கு 30, 40 எம்பி. ஐபோன் 15, 16 சாதாரண மாடல்களில் டைப்-சி துளை இருந்தும் வேகம் யூஎஸ்பி 2தான். நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதற்குச் சமமாக ஓடும்.

வந்த ஃபைலைக் காணவில்லை.

பெரும்பாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும், லோக்கல்சென்டில் சேமிக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் ஏர்டிராப்பில் வரும் படங்கள் போட்டோஸுக்குள் போய்விடும், மற்றவை ஃபைல்ஸுக்குள்.

கணினிக்கு வந்துவிட்டது. போனில் இருப்பதை அழித்துவிடலாமா?

உடனே வேண்டாம். ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரிய வீடியோ ஒன்றிரண்டைத் திறந்து கடைசிப் பகுதிக்கு நகர்த்தி ஓடவிடுங்கள், பாதியில் அறுந்த ஃபைல் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடும். ஐகிளவுட் போட்டோஸ் ஆன் ஆகியிருந்தால் போனில் அழிப்பது உங்கள் மற்ற ஆப்பிள் கருவிகளிலிருந்தும் அழிக்கும், கூகுள் போட்டோஸ் பேக்கப்பும் அப்படித்தான். ஐபோனில் அழித்த படங்கள் ‘சமீபத்தில் அழித்தவை’ என்ற இடத்தில் 30 நாள்வரை இருக்கும். அதற்குள் கணினியில் இருப்பதை ஒரு ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.